இதயத்துக்கு என் முகம்

நான் வேலை பார்க்கும் கம்பெனி சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் இருக்கிறது. அங்கே டப்பாவில் பவுடர் அடைத்து விற்கிறோம். முடிக்கு ஒன்று, மூட்டுக்கு ஒன்று, ஜிம்முக்குப் போகும் பையன்களின் புஜத்துக்கு ஒன்று. சர்க்கரை வியாதிக்காரர்களின் இதயத்துக்கென்று ஆரஞ்சு வாசனையோடு ஒன்று. உள்ளே போவது அமினோ அமிலம் என்பார்கள். பருப்பிலும் முட்டையிலும் மீனிலும் இருக்கிற புரதம் வயிற்றுக்குள் போய் உடைந்தால் என்ன கிடைக்குமோ, அதை வெளியிலேயே தயாரித்து மூட்டை கட்டி அனுப்பிவிடுகிறார்கள் என்பதுதான் நான் புரிந்துகொண்டது. மூட்டைகளின் மேல் டாரின், அர்ஜினின் என்று அச்சடித்திருக்கும். பேக்கிங்கில் இருக்கும் பெண்கள் நாங்கள் அவற்றைத் தாரிணி, அர்ச்சனா என்று கூப்பிடுவோம். "தாரிணி தீந்துபோச்சு, அர்ச்சனாவ எறக்குங்க" என்று யாராவது கத்தினால் புதிதாக வேலைக்கு வந்த பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

பெல்ட்டில் வரும் டப்பாவுக்கு லேபிள் நேராக ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. லேபிளின் முன்பக்கம் சிவப்பாக ஒரு இதயம், அதைச் சுற்றி ஒரு கேடயம். பின்பக்கம், அடியிலும் அடியில், எறும்பு சைஸ் ஆங்கிலத்தில், இது மருந்து அல்ல, எந்த நோயையும் தீர்ப்பதற்கு அல்ல, மருத்துவர் கொடுத்த மாத்திரைக்குப் பதிலாகச் சாப்பிடக் கூடாது என்று இருக்கும். அந்த வரி கோணிக்கொண்டு போனால் டப்பாவை ஒதுக்கி வைக்க வேண்டும். ஆகவே அந்த வரியை என் அளவுக்குப் படித்தவர்கள் பாண்டிச்சேரியில் வேறு யாரும் இருக்க முடியாது.

எனக்கும் சர்க்கரை உண்டு. சில வருடங்களுக்கு முன்னால் கம்பெனியில் நடத்திய மருத்துவ முகாமில் கண்டுபிடித்தார்கள். விரலில் குத்திய நர்ஸ் மெஷினைப் பார்த்துவிட்டு, இன்னொரு விரலைக் கேட்டு வாங்கிக் குத்தினாள். இரண்டு விரலும் ஒரே பதிலைச் சொல்லின. அன்றிலிருந்து முதலியார்பேட்டை சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறேன்.

சர்க்கரை குறைந்ததற்கு மாத்திரையைத் தவிர இரண்டு காரணங்கள் சொல்லலாம். ஒன்று என் வீட்டுக்காரர். அவர் மில் தொழிலாளி. மில்லை மூடிய பிறகு ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி வேலைக்குப் போகிறார். வீட்டில் சமையல் அவர்தான். எனக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் என்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் என் சாப்பாட்டுத் தட்டை மாற்றிவிட்டார். சின்னத் தட்டு. பிள்ளைகள் படித்த காலத்துத் தட்டு, நடுவில் முயல் படம் போட்டது. சோறு முயலை மறைத்தால் போதும் என்பது அவருடைய கணக்கு. இரண்டாவது காரணம் எங்கள் தெருவில் வாய்க்காலுக்குப் பள்ளம் தோண்டியவர்கள். முன்பெல்லாம் கம்பெனி பஸ் தெருமுனைக்கே வரும். பள்ளம் தோண்டியதும் மரப்பாலம் வரைக்கும் நடந்துபோய் ஏற வேண்டியதாயிற்று. பள்ளத்தை மூடவே இல்லை. நானும் நடப்பதை நிறுத்தவில்லை.

போன வருடம் மறுபடி முகாம் வந்தது. என் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைப் பார்த்த முகாம் டாக்டர், "சூப்பர்ம்மா, இப்படியே வச்சுக்குங்க" என்று உரக்கச் சொன்னார். அதுதான் வினை. பக்கத்தில் எங்கள் மேனேஜர் நின்றிருந்தார். என் மூத்த மகனைவிடச் சின்ன வயது. நல்ல மனிதர்தான், எதையும் வீணாகப் போக விடமாட்டார். மத்தியானம் பெல்ட் பக்கம் வந்தார்.

"என்னம்மா, சுகர் அப்படியே எறங்கிடுச்சாமே. நம்ம பவுடர் சாப்பிடுறீங்களா?"

"நாங்க எங்க சார் சாப்பிடுறது? சாயங்காலம் கேட்டுல தலைமுடி வரைக்கும் செக் பண்ணித்தான் அனுப்புறாங்க."

இது உண்மை. ஒரு ஸ்பூன் பவுடர் வெளியே போய்விடக் கூடாது என்று டிபன் பாக்ஸைத் திறந்து காட்டச் சொல்வார்கள்.

மேனேஜர் கொஞ்சம் யோசித்தார். "ஆனா நீங்க பேக்கிங்லதான இருக்கீங்க. காத்துல பறக்குது இல்ல? மாஸ்க் போட்டாலும் மூக்குல கொஞ்சம் போவும் இல்ல?"

"தும்மல் வரும் சார்."

"அப்ப தெனமும் எடுத்துக்கினுதான இருக்கீங்க!"

அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. கம்பெனி ஒரு சுவரொட்டி போடப்போகிறது, அதற்கு உண்மையான சர்க்கரை நோயாளி ஒருவர் வேண்டும், மாடல் பெண்ணை வைத்தால் ஜனங்கள் நம்புவதில்லை என்றார். எனக்குச் சம்பளத்தோடு ஒரு நாள் லீவும் புதிதாக ஒரு டப்பாவும் தருவதாகச் சொன்னார். "தோ, இப்பவே ஒரு ஸ்பூன் கலக்கிக் குடிச்சிடுங்க. அப்புறம் நான் இத சாப்பிடுறேன்னு சொன்னா அது பொய் ஆவாது."

குடித்தேன். ஆரஞ்சு நன்றாகத்தான் இருந்தது. ஏன் ஒத்துக்கொண்டாய் என்று அப்புறம் பலபேர் கேட்டார்கள். வாக்காளர் அட்டைக்குப் பிறகு என்னைத் தனியாக யாரும் படம் எடுத்ததில்லை. அவ்வளவுதான் காரணம்.

படப்பிடிப்பு விடியற்காலையில், கடற்கரைச் சாலையில். எனக்கு வெளிர்நீலத்தில் காட்டன் புடவை கொடுத்தார்கள். கழுத்தில் முத்துமாலை. காலுக்கு மேனேஜர் மனைவியின் ஓட்டப்பந்தய ஷூ. அந்த அம்மாள் நல்ல உயரம், முன்னால் துணி திணித்துத்தான் போட முடிந்தது. கண்ணாடியில் பார்த்தபோது ஒயிட் டவுனில் சொந்த வீடு வைத்திருக்கிறவள்போல இருந்தேன். காந்தி சிலைப் பக்கத்திலிருந்து நான் சிரித்துக்கொண்டே விறுவிறுவென நடந்து வர வேண்டும். சூரியன் சரியான இடத்துக்கு வரும்வரை மறுபடி மறுபடி நடக்கவிட்டார் போட்டோக்காரர். வாக்கிங் வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பிரெஞ்சு பென்ஷன்காரர்போல இருந்த ஒரு பெரியவர், "கூராழ் மதாம், கூராழ்!" என்று கைதட்டிவிட்டுப் போனார். தைரியம் சொல்கிறார் என்று போட்டோக்காரர் விளக்கினார்.

அந்தத் தைரியம் எனக்குத் தேவையாகத்தான் இருந்தது. நான்கைந்து தடவை நடந்ததும் மூச்சு முட்டியது. தாடையில் ஒரு இறுக்கம், முகமெல்லாம் வியர்வை. "மேடம், மூச்சு வாங்காம சிரிங்க" என்றார் போட்டோக்காரர். ஷூ பெரிசாக இருப்பதால்தான் என்று நினைத்தேன். கடைசியில் எடுத்த படத்தைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அதில் முகம் இயற்கையாகப் பளபளக்கிறதாம்.

ஒரு மாதத்தில் சுவரொட்டி மெடிக்கல் ஷாப்புகளில் ஏறிவிட்டது. முதலில் பார்த்தது என் வீட்டுக்காரர். அவர் காவல் இருக்கும் குடியிருப்புக்கு எதிர்க் கடையில் நான் ஆள் உயரத்துக்கு நடந்து வந்துகொண்டிருந்தேன். 'என் சர்க்கரை என் கட்டுப்பாட்டில், என் இதயம் இதன் பாதுகாப்பில்' என்று மேலே எழுதியிருந்தது. கீழே, 'ஓய்வுபெற்ற ஆசிரியை, புதுச்சேரி'.

"எப்ப ரிட்டயர் ஆன?" என்று கேட்டார் அன்று சாயங்காலம், முயல் தட்டில் சோறு வைத்துக்கொண்டே.

மறுநாள் மேனேஜரிடம் போனேன். "டீச்சர்னு போட்டிருக்கீங்களே சார்?"

"புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு நீங்கதான வேல கத்துத் தர்றீங்க?"

"ரிட்டயர்னு வேற போட்டிருக்கு."

"ஒருநாள் ஆவத்தானம்மா போறீங்க."

அவர் சொன்ன எதிலும் பொய் என்று விரல் வைத்துக் காட்ட எனக்கு இடம் கிடைக்கவில்லை. திரும்பி வந்து லேபிள் பார்த்தேன்.

வீட்டுக்காரரின் அக்கா காலாப்பட்டில் இருக்கிறார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். புருஷன் இல்லை, பல்கலைக்கழகத்துக்குப் போகும் மாணவர்களை நம்பி ஈ.சி.ஆர். ஓரத்தில் டிபன் கடை நடத்துகிறார். அவருக்கும் சர்க்கரை, எனக்கு முந்தியே. சுவரொட்டியைக் காலாப்பட்டு மெடிக்கலில் பார்த்த அன்றே கடைக்காரரிடம் கேட்டு ஒன்று வாங்கிவந்து, கல்லாவுக்குப் பின்னால் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டார். "எங்க தம்பி பொண்டாட்டிதான்" என்று இட்லி வைக்கும்போதெல்லாம் சொன்னாராம். கூடவே ஒரு டப்பாவும் வாங்கியிருந்தார். அதுவரையில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவரைப் பார்த்ததும் பகீரென்றது. கன்னம் ஒட்டி, ஜாக்கெட் தோளில் தொளதொளவென்று கிடந்தது.

"எளச்சிட்டேன் பாரு" என்றார் சந்தோஷமாக. "எல்லாம் உன் பவுடருதான்."

"மாத்திரை சாப்பிடுறீங்க இல்ல அண்ணி?"

"அத வுட்டுத் தொலச்சேன். வயித்தப் பெரட்டுது. காலைல மாவு கரைக்கக் குந்தினா வாந்தி வர்ற மாதிரியே இருக்கும். இப்ப அந்தத் தொல்லையே இல்ல."

சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். மறுபடி கேட்டார். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் இரண்டு தரம் பாத்ரூம் போய்வந்தார். சர்க்கரை ஏறினால் உடம்பு இப்படித்தான் இளைக்கும், தாகமெடுக்கும் என்று சுகாதார நிலையத்து நர்ஸ் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

"அண்ணி, நான் அந்தப் பவுடர சாப்பிடவே இல்ல. ஒரே ஒரு ஸ்பூன், மேனேஜர் குடிக்கச் சொன்னாரு, குடிச்சேன். எனக்குக் கொறஞ்சது மாத்திரையாலயும் நடையாலயும்தான். டப்பாவுலயே போட்டிருக்கு, மாத்திரைக்குப் பதிலா சாப்பிடக் கூடாதுன்னு. நான்தான அந்த லேபிளப் பாக்குறேன்?"

அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப போஸ்டர்ல எழுதியிருக்கிறது?"

"அது அவங்க எழுதினது."

"படத்துல இருக்கிறது நீதான?"

"நான்தான்."

"அதுல நல்லாத்தான இருக்க?"

அண்ணி எழுந்து முந்தானையை உதறிக்கொண்டார். "தனக்குக் கெடச்சது அடுத்தவங்களுக்குக் கெடைக்கக் கூடாதுன்னு நெனக்கிற ஆளு நீ இல்லன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமல் பஸ் ஏறிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நானும் வீட்டுக்காரரும் மாற்றி மாற்றிப் போன் செய்தோம். சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போக இரண்டு தரம் காலாப்பட்டுக்கே போனார் அவர். அண்ணி தம்பிக்குப் பூரி போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டார். நான் நேரில் சொன்னால் பொறாமை. சுவரில் இருந்துகொண்டு சொன்னால் சத்தியம். வாழ்க்கையில் முதல்முதலாக என் பேச்சை இத்தனை பேர் கேட்கிறார்கள், அதுவும் நான் பேசாத பேச்சை.

இதற்கிடையில் எனக்கே மூச்சு வாங்குவது அதிகமாகிவிட்டது. மரப்பாலத்துக்கு நடக்கும்போது வழியில் இருந்த எலக்ட்ரிக் சாமான் கடை வாசலில் நின்று, விளக்கு பார்ப்பதுபோலப் பாவனை செய்துவிட்டுத்தான் போவேன். நெஞ்சு வலி இல்லை. அதனால் இதயமாக இருக்காது என்று நினைத்தேன். வயசாகிறது, வெயில் அதிகம், பவுடர் தூசி என்று காரணம் கண்டுபிடிப்பதில் நானும் மேனேஜருக்குக் குறைந்தவள் இல்லை. ஒருநாள் அந்தக் கடைக்காரர் என் வீட்டுக்காரரிடம், "உங்க வீட்டம்மா தெனம் வந்து ட்யூப்லைட்டயே பாத்துட்டுப் போறாங்க, என்னா வேணும்னு கேட்டுச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கே மனிதர் என்னை ஆட்டோவில் ஏற்றி, நகரத்துக்குள் இருந்த ஒரு இதய டாக்டரின் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார்.

காத்திருக்கும் கூடத்தில் கூட்டம். காலியாக இருந்த ஒரே நாற்காலி சுவரோரம். உட்கார்ந்து நிமிர்ந்தால் எதிரில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். என்னைப் பார்க்கிறார்கள், எனக்குமேல் பார்க்கிறார்கள், மறுபடி என்னைப் பார்க்கிறார்கள். வீட்டுக்காரர் மெதுவாகத் தலையைத் திருப்பி மேலே பார்த்தார். அவர் தொண்டையில் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா, வேறா என்று சொல்லத் தெரியவில்லை. என் தலைக்குமேல் நான் கடற்கரையில் நடந்து வந்துகொண்டிருந்தேன்.

எதிரில் இருந்த ஒரு பெரியவர், மடியில் ஃபைலோடு, என் பக்கம் சாய்ந்தார்.

"டீச்சரம்மா, நீங்க இங்க?"

"சும்மா... செக்கப்புக்கு."

"உங்களப் பாத்துத்தாம்மா நானும் பவுடர் ஆரம்பிச்சேன். நீங்க ஒரு ஸ்பூனா, ரெண்டு ஸ்பூனா?"

"ஐயா, மாத்திரைய நிறுத்திட்டீங்களா?"

"சேச்சே. நிறுத்தல. பாதியாக்கிட்டேன்."

கூட்டத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டேன். "நான் டீச்சர் இல்லீங்க. சேதராப்பட்டுல அந்த டப்பாவுக்கு லேபிள் பாக்குறவ. பவுடர நான் சாப்பிடல. டாக்டர் எவ்வளவு சொன்னாரோ அவ்வளவு மாத்திரையும் போடுங்க, தயவுபண்ணி."

பெரியவர் புன்னகைத்தார். பக்கத்திலிருந்த தன் மனைவியிடம், "பெரிய படிப்புப் படிச்சவங்க இப்பிடித்தான், தன்னப் பத்திப் பெருமையாவே பேசமாட்டாங்க" என்றார்.

என் முறை வந்து உள்ளே போனதும் என் மூச்சைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் அந்தப் பெரியவரைப் பற்றித்தான் சொன்னேன். டாக்டர் நிதானமானவர். "அடுத்து அவருதான் வருவாரு, நான் பாத்துக்கறேன். மொதல்ல உங்களப் பாக்கலாம்" என்று ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். எக்கோ பார்த்தார். பிறகு எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். பல வருடச் சர்க்கரைக்காரர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, நெஞ்சு வலிக்காமலே இதயக் குழாயில் அடைப்பு வரலாம், மூச்சு வாங்குவதும் அசதியும் தாடை இறுக்கமும்தான் அடையாளமாக இருக்கும் என்றார். ஆஞ்சியோ பார்த்துவிடுவது நல்லது, அரசு மருத்துவமனையில் எடுக்கலாம், தானே எழுதித் தருவதாகச் சொன்னார்.

வீட்டுக்காரர் கேட்டார். "அந்தப் பவுடருல ஏதாச்சும் இருக்குதுங்களா டாக்டர்? இதயத்துக்கு?"

"ஆராய்ச்சியெல்லாம் நடந்துக்கிட்டுத்தான் இருக்கு. இதயத்தக் காப்பாத்தும்னு உறுதியாச் சொல்ற நெலம இன்னும் வரல. கிட்னி கெட்டுப்போனவங்க கேக்காம சாப்பிட்டா தொந்தரவுகூட ஆவலாம். மாத்திரை, நடை, சாப்பாடு, பிரஷர், கொழுப்பு. இத விட்டுட்டு அதப் புடிக்கறதுதான் ஆபத்து." பிறகு என்னை உற்றுப் பார்த்தார். "உங்கள எங்கியோ பாத்த மாதிரி இருக்கே?"

"வெளிய மாட்டியிருக்குதுங்க" என்றார் வீட்டுக்காரர்.

டாக்டர் எழுந்து கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். கம்பெனி ஆள் எப்போதோ வந்து ஒட்டிவிட்டுப் போயிருக்கிறான். டாக்டர் பின்பக்க வழியாக வந்து பின்பக்க வழியாகப் போகிறவர், கண்ணிலேயே பட்டதில்லை. கழற்றச் சொல்லிவிட்டார். நாங்கள் கிளம்பும்போது உதவிக்கு இருந்த பெண் அதைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு, "எடுத்துக்கினு போறீங்களாக்கா?" என்று நீட்டினாள். வேண்டாம் என்றேன்.

ஆஞ்சியோ மணிக்கட்டு வழியாக எடுத்தார்கள். ஒரு குழாயில் அடைப்பு இருந்தது. ஸ்டென்ட் வைக்கும் அளவுக்கு இல்லை, மாத்திரையில் சமாளிக்கலாம் என்று சொன்னார்கள். வார்டில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தேன். கடற்கரையில் என் முகத்தில் பளபளத்த வியர்வை எதனால் வந்தது என்று இப்போது தெரிந்தது. கம்பெனி என்னிடமிருந்து வாங்கிய அந்தச் சிரிப்பு, அடைப்பு இருந்த இதயத்தோடு சிரித்த சிரிப்பு. கோபம் வரும் என்று காத்திருந்தேன். பசிதான் வந்தது.

அண்ணி பார்க்க வந்தார். கடையை மூடிவிட்டு, காலாப்பட்டிலிருந்து பஸ் மாறி, கையில் இடியாப்பத்தோடு. கட்டிலில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நடந்ததையெல்லாம் கேட்டார். எவ்வளவு அடைப்பு, எங்கே, என்ன மாத்திரை எல்லாம். இப்போதாவது புரிந்திருக்கும் என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நல்லவேள, அந்தப் பவுடரு குடிச்சிருக்க. இல்லன்னா ஒண்ணோட நின்னிருக்குமா?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்போதுதான் கட்டில் கால்மாட்டில் நின்றிருந்த என் வீட்டுக்காரர் பேசினார். முப்பது வருடத் தாம்பத்தியத்தில் அவர் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. சோற்றைக் குறைத்ததுகூட சொல்லாமல் செய்ததுதான், பொய் சொல்லிச் செய்யவில்லை.

"யக்கா, உனக்கு விஷயம் தெரியாதா? கம்பெனியில புதுசா சொல்லிட்டாங்க. மாத்திரையோட சேத்துச் சாப்பிட்டாத்தான் அந்தப் பவுடரு வேல செய்யுமாம். வெறும் பவுடரு உள்ள போனா அப்பிடியே வெளிய பூடுமாம். இவ மாத்திரையும் சாப்பிட்டா பாரு, அதனாலதான் ஒண்ணோட நின்னுது."

அண்ணி என்னைப் பார்த்தார். கொஞ்சம் இருமினேன்.

"அப்பிடியா?" என்றார் அண்ணி. "அத மொதல்லயே போஸ்டர்ல போட வேணாமா?"

"அதான, பொறுப்பில்லாத பசங்க" என்றார் வீட்டுக்காரர்.

அன்று மத்தியானமே, அதே மருத்துவமனையில், அக்காவை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப்போனார். சர்க்கரை எங்கேயோ ஏறியிருந்தது. பழைய மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்று அண்ணி சொன்னதும் அங்கிருந்த டாக்டரம்மா வேறு மாதிரி மாத்திரை மாற்றி எழுதி, சாப்பாட்டுக்கு அப்புறம் போடச் சொன்னார். இத்தனை நாளும் இதை யாரிடமும் கேட்காமல், அதற்காகவே மாத்திரையை விட்டிருக்கிறார்.

மறுபடி வேலைக்குப் போன அன்று மேனேஜர் என்னைத் தன் அறைக்கு அழைத்து நாற்காலி போட்டார். நடந்ததைச் சொன்னேன். அவருக்கு உண்மையிலேயே வருத்தம், கண்ணில் தெரிந்தது. ஜூஸ் வரவழைத்தார், பிறகு ஞாபகம் வந்து அதைத் திருப்பி அனுப்பி மோர் வரவழைத்தார்.

"இத... வெளிய யார்கிட்டயாச்சும் சொன்னீங்களாம்மா?"

"எல்லார்கிட்டயும் சொன்னேன் சார். யாரும் நம்பல."

அவர் பெருமூச்சு விட்டார். அது எதற்கான பெருமூச்சு என்று நான் கேட்கவில்லை. சுவரொட்டியை எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். மேலே பேசுவதாகச் சொன்னார். மாதங்கள் போயின. பிறகு ஒருநாள் எல்லாக் கடையிலும் நான் காணாமல் போனேன். நான் கேட்டதற்காக இல்லை. பவுடருக்கு மாம்பழ வாசனை வந்துவிட்டது, மஞ்சள் டப்பா, அதற்கு வெளிர்நீலப் புடவை எடுக்கவில்லையாம். இப்போது மஞ்சள் டி-ஷர்ட்டில் நரைத்த தாடிக்காரர் ஒருவர் சைக்கிள் ஓட்டுகிறார். அவர் நிஜத்தில் என்ன வேலை பார்க்கிறாரோ. அவர் இதயம் நன்றாக இருக்கட்டும்.

போன மாதம் காலாப்பட்டுக்குப் போயிருந்தோம். அண்ணிக்குக் கன்னம் பழையபடி வந்திருந்தது. கடைசியாகப் பார்த்த ரத்தப் பரிசோதனையில் டாக்டரம்மா முதுகில் தட்டிக் கொடுத்தாராம். வீட்டுக்காரர் ரோட்டைக் கடந்து சிகரெட் பிடிக்கப் போனார். சிகரெட்டை விட்டுவிட்டதாக எங்கள் இருவரிடமும் சொல்லியிருந்தார். அண்ணி என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, வெங்காயம் உரித்தபடியே சொன்னார்.

"உம் புருஷன் அன்னிக்கு ஆஸ்பத்திரியில சொன்னான் பாரு, மாத்திரையோட சாப்பிட்டாத்தான் வேல செய்யும்னு."

"ம்."

"பொய்யின்னு அப்பவே தெரியும். சின்ன வயசுலேருந்து அவனுக்குப் பொய் சொன்னா காது செவந்துடும்."

உரிக்க எடுத்த வெங்காயத்தைக் கீழே வைத்தேன். "அப்புறம் ஏன் அண்ணி ஒத்துக்கிட்டீங்க?"

"உன்ன அவ்வளவு பேசிட்டு, சாப்பிடாம வேற எழுந்து போயிட்டேன். ஒடம்பு கெட்டுப்போவுதுன்னு எனக்கே தெரியுது, கடையில ரெண்டு தடவ தலை சுத்திக் குந்திட்டேன். இனிமே எந்த மூஞ்சிய வச்சுக்கினு மாத்திரை சாப்பிடுறேன்னு வந்து சொல்றது? எனக்கும் ஒரு காரணம் வேணும் இல்ல? அவன் ஒண்ணு குடுத்தான், வாங்கிக்கினேன்."

அடுப்படியில் ஆரஞ்சு நிறத்தில் எங்கள் பழைய டப்பா இருந்தது. மூடியில் கரண்டி. "இன்னும் அத குடிக்கிறீங்களா?" என்று கேட்டேன்.

"வாரத்துக்கு ஒரு தடவ. டாக்டரம்மாகிட்ட கேட்டுட்டேன், கிட்னியெல்லாம் நல்லாருக்கு, பரவாயில்லன்னுட்டாங்க. சக்கரையும் இல்லாம ஆரஞ்சு ஜூஸ் மாதிரி இருக்குது. நமக்கு இனிப்பா வேற என்னா இருக்குது, சொல்லு?"

வீட்டுக்காரர் வாயில் பாக்கு மென்றபடி திரும்பி வந்தார். "என்னா பேச்சு ரெண்டு பேரும்?" என்றார்.

"ஒண்ணுமில்ல. குந்து, வடை போடுறேன். உனக்கு மட்டும்" என்றார் அண்ணி. என் பக்கம் ஒரு தட்டில் சுண்டலை நகர்த்தி வைத்தார்.